'ரா பவர்' எல்பி: போவி மிக்ஸா, இக்கி மிக்ஸா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மெழுகுத்தட்டு:
பாடகர் இக்கி பாப்பின் ராக் குழுவான இக்கி அண்ட் தி ஸ்டூஜஸின் 'ரா பவர்' (1973) ஆல்பத்தின் மறுபதிப்பு இன்னொன்று வாங்கப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் மிக் ராக் எடுத்த அதே அட்டைப்படம்தான். சிலதில் பாடகர் டேவிட் போவி செய்த மிக்ஸ் (குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதம்), சிலதில் இக்கியின் 1997 மிக்ஸ் என்கிறார்கள். விற்பவரிடம் என்ன கேட்டால் தெரியும்? கையில் இருக்கும் பிரதியில் இன்னொரு சிக்கல்: இரண்டாம் பக்கம் 'டெத் ட்ரிப்' பாட்டில் துணி கிழிவது போல ஒரு சத்தம் விட்டு விட்டு வருகிறது. ஊசியா, தட்டா? கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி) ஆடியோ டெக்னிகா விஎம்95இ.

ஊசிமுனை:
முதலில் மிக்ஸ். இக்கி செய்த மிக்ஸை அவரது மேலாண்மை நிறுவனமான மெயின்மேன் ஏற்காததால், 1972 அக்டோபரில் ஹாலிவுட்டில் ஒரே நாளில் போவி மறுபடி செய்தார்; 'சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்' பாட்டுக்கு மட்டும் இக்கியின் மிக்ஸே நின்றது. 1973-ல் கொலம்பியா வெளியிட்டது (பட்டியல் எண் கேசி 32111) அதுதான். 1997-ல் இக்கியே புதிதாக மிக்ஸ் செய்தார். 2010 லெகசி பதிப்பில் போவி மிக்ஸ் திரும்பி வந்தது. 2012-ல் ரெக்கார்டு ஸ்டோர் டே (இசைத்தட்டுக் கடைகளின் ஆண்டு விழா) வெளியீடாக வந்த இரட்டைத் தட்டில் இரண்டு மிக்ஸும் தட்டுக்கு ஒன்றாக இருக்கின்றன. குழப்பமே வேண்டாம் என்றால் அதைத் தேடுங்கள்.

விற்பவரிடம் அட்டைப்படம் கேட்டுப் பயனில்லை. பின்னட்டையில் மிக்ஸ் யார் என்று போட்டிருக்கும் வரி, லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண், இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண்ணை டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தகவல் தளத்தில் போட்டால் எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். கேட்டே சொல்வதானால் 'சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்' தவிர வேறு எந்தப் பாட்டையும் கொஞ்ச நேரம் கேட்டால் போதும். போவி மிக்ஸில் குரலும் ஜேம்ஸ் வில்லியம்சனின் லீட் கிடாரும் முகத்துக்கு நேரே நிற்கும், ரான் ஆஷ்டனின் பேஸ் கிடாரைத் தேட வேண்டியிருக்கும். 1997-ல் எல்லாமே ஒரே நேரத்தில் மேலே வந்து விழும்.

பள்ளத்தாக்கு:
1997 மிக்ஸை வினைலில் எடுப்பவர்கள் ஒன்று கவனிக்கணும். அது வந்த காலத்திலேயே மிகச் சத்தமான சிடிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. சத்தம் கூட்டியதில் உச்சிகள் வெட்டுப்பட்ட ஒலியை லாக்கரில் (வினைல் அச்சுக்கான மூலத்தட்டு) வெட்டும்போது அளவைக் குறைக்கலாம், வெட்டுப்பட்டது திரும்ப வராது. "வினைலில் மென்மையாக இருக்கும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீங்க. ஒப்பிடும்போது வால்யூமைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்க, இல்லைன்னா சத்தமானதுதான் நல்லது போலத் தோணும்.

போவி மிக்ஸ் மெலிவாக இருப்பதற்கு, டேப்பில் மூன்று டிராக்தான் (தனித்தனி ஒலிப்பதிவுத் தடம்) பயன்பட்டிருந்தது, குரலும் லீட் கிடாரும் தனித்தனியே, மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒன்றிலேயே என்று போவி பின்னாளில் சொன்னார். 1997-ல் பேஸும் டிரம்ஸும் இவ்வளவு மேலே வந்திருப்பதைக் கேட்டால் அந்தக் கதையை முழுசா எடுத்துக்க முடியலை.

ஊசிமுனை:
அது சரி. ஆனாலும் எனக்கு ஒரே தட்டு என்றால் போவி மிக்ஸ்தான். அந்தக் கோணல்தான் அந்த ஆல்பம்.

33நடை:
கிழியும் சத்தத்துக்கு வருகிறேன். ஸ்டாப்வாட்ச் எடுங்கள். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 வினாடி. சரியாக அந்த இடைவெளியில், பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வந்தால் அது நான்-ஃபில். அச்சில் சூடோ அழுத்த நேரமோ போதாமல் பிவிசி பள்ளத்தின் அடிவரை நிரம்பாமல் போயிருக்கும். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தட்டோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பாருங்கள். பளபளப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மங்கிய திட்டு தெரியும். கழுவினால் போகாது.

இடைவெளி இல்லாமல், லேபிளை நெருங்க நெருங்க 'ச', 'ஷ' ஒலிகள் சிதறினால் அது உள்பள்ளச் சிதைவு. வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் விநாடிக்கு சுமார் 50 செ.மீ. ஓடுகிறது, உள்ளே வரும்போது 20-ஐ ஒட்டி. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டும். 'டெத் ட்ரிப்' ஆறு நிமிடம், பக்கத்தின் கடைசிப் பாட்டு, கூடவே கூரான கிடார். மாட்டிக்கொள்ள எல்லா வழியும் இருக்கு. விஎம்95இ-க்கு ஊசி தட்டை அழுத்தும் எடை 2.0 கிராம் (1.8 முதல் 2.2 வரை ஓகே). பயந்துபோய் 1.5-க்குக் குறைத்தால் சிதைவு கூடும். ஓவர்ஹாங்கை (தட்டின் மையத்தைத் தாண்டி ஊசி நீளும் தூரம்) புரொட்ராக்டர் என்ற அளவுத்தாள் வைத்துச் சரிபாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அதே உடலில் 95எம்எல் ஊசி பொருந்தும், அதன் மெல்லிய மைக்ரோலைன் முனை உள்பள்ளத்தில் நன்றாகவே தாங்கும்.

இன்னொன்று, கேபிளும் ஃபோனோ ப்ரீஆம்பும் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் கருவி) சேர்ந்து அவற்றின் மின்தேக்கு அளவு 100 முதல் 200 பிகோஃபாரடுக்குள் இருக்கணும். நீளமான கேபிள் போட்டு அது ஏறினால் மேல்ஸ்தாயி உப்பிவிடும், இந்த ஆல்பத்துக்கு அது தேவையே இல்லை.

மெழுகுத்தட்டு:
1.8 வினாடிதான். வலது பக்கம் மட்டும். டார்ச்சில் கட்டைவிரல் அளவு சாம்பல் திட்டு தெரிகிறது.

33நடை:
அப்போ ஊசியைத் தொடாதீங்க. டார்ச் வெளிச்சத்தில் திட்டையும், சத்தத்தோடு ஒரு நிமிட வீடியோவையும் எடுத்து மாற்றித் தரச் சொல்லுங்க. மாற்றுத் தட்டு அதே அச்சுத் தொகுதியில் வந்தால் அதே இடத்தில் அதே குறை இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் மேட்ரிக்ஸ் எண் வேறான பிரதி கேளுங்க. அனுப்பும்போது தட்டை அட்டைக்கு வெளியே வைத்து பேக் பண்ணச் சொல்லுங்க, இல்லைன்னா வழியில் குலுங்கி அட்டையின் விளிம்பு கிழிந்து வரும்.