வாக்கெடுப்பில் 'வெளியேறு' பக்கம் புள்ளடி போட்டதைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், இப்போது அவன் கதைக்கிறானில்லை

மாதுளம்பூ (ஹரோ, லண்டன்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இந்த ஜூன் 23 வந்தால் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா வெளியேறுவதா என்று கேட்ட பிரெக்சிற் வாக்கெடுப்பு நடந்து பத்து வருடம். போன ஞாயிறு தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. டிவியில் அதைப் பற்றி ஏதோ போய்க்கொண்டிருந்தது. தம்பி கறி போட்டுக்கொண்டே, "எங்கட வீட்டிலை ஒருத்தரும் வெளியேறச் சொல்லிப் போட்டிருக்க மாட்டினம்" என்றான். நான் பேசாமல் இருந்திருக்கலாம், பத்து வருடமாக அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. "நான் போட்டனான்."

அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டான். "போடப் போக முதல் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா?" அதோடு சரி. எட்டு நாளாகிவிட்டது, போன் எடுத்தால் மச்சாள்தான் கதைக்கிறாள்.

எங்கள் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் 1990இல் நேராக லண்டன் வந்தவள், பிரித்தானியக் குடியுரிமை உண்டு. தம்பி ஹொலண்ட் போய் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்து, பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டுமென்று 2004இல் குடும்பத்தோடு இங்கே வந்தவன். பன்னிரண்டு வருடம் இங்கே வரி கட்டியும் அந்த வாக்கெடுப்பில் அவனுக்கு வாக்கு இல்லை. இங்கத்தைய குடியுரிமை எடுத்தால் டச்சுப் பாஸ்போர்ட் போய்விடும், அதனால் எடுக்காமலே இருந்துவிட்டான்.

நான் ஏன் அப்படிப் போட்டேன் என்றால், மகனின் கலியாணம். 2013இல் யாழ்ப்பாணத்தில் செய்து வைத்தோம். மருமகளைக் கூப்பிட வருடச் சம்பளம் 18,600 பவுண்ட் காட்ட வேண்டும் என்று அதற்கு முதல் வருடம்தான் சட்டம் வந்திருந்தது. மகன் இரண்டு வேலை செய்தான். பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து மாதம் மாதமாக அடுக்குவோம். முதல் முறை ஒரு மாதக் கணக்கு ஒத்துவரவில்லையென்று மறுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் அந்தப் பிள்ளைகள் ஸ்கைப்பில் குடும்பம் நடத்தின. அந்த நேரம் எங்கள் தெருவில் ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒருவர் அந்தச் சம்பளக் கணக்கு ஒன்றும் காட்டாமல் தன் மனைவியை வெளிநாட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அவர் மேல் பிழையில்லை, ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. வெளியேறினால் கொமன்வெல்த் (இலங்கை, இந்தியா போன்ற நாடுகள்) சனத்துக்கும் ஐரோப்பியருக்கும் ஒரே சட்டம் என்று பிரசாரம் செய்தவர்கள் சொன்னார்கள். நம்பினேன். வாக்குச் சாவடியில் நின்றபோது மருமகளின் முகம்தான் வந்தது, தம்பியின் முகம் வரவில்லை. அதை இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

உங்கள் வீடுகளில் இதைப் பற்றிக் கதைத்தீர்களா? யாராவது மறைத்து வைத்திருக்கிறீர்களா? நான் அவனிடம் எங்கே தொடங்குவது?


ரைன்கரை எழுதியது:

அக்கா, நான் உங்கள் தம்பி இடத்தில் இருந்தவன், என்னுடையது ஜெர்மன் பாஸ்போர்ட். அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

வாக்கெடுப்பு அன்றைக்கு லண்டனில் கொட்டோ கொட்டென்று மழை, கிழக்குப் பக்கம் வெள்ளம். நாங்கள் ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். பக்கத்து வீட்டு அறையில் வாடகைக்கு இருந்த மாணவன் குடை கேட்டுக் கதவைத் தட்டினான். தமிழ்நாட்டுப் பெடியன், வந்து ஒன்பது மாதம். வாக்குப் போடப் போகிறானாம். கொமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே வசித்தால் போடலாம். ஐரோப்பாவில் அயர்லாந்து, மோல்ட்டா, சைப்ரஸ் ஆட்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லை. கவுன்சில் தேர்தலுக்குப் போட முடிந்தது, நாங்கள் இருப்பதா போவதா என்ற கேள்விக்குப் போட முடியவில்லை. குடையைக் கொடுத்தேன். அவன் போய் வரும் வரை ஜன்னல் ஓரத்தில் நின்றேன், அது என் மனதை விட்டுப் போகவேயில்லை. அவன் எந்தப் பக்கம் போட்டான் என்று கேட்கவும் இல்லை, கேட்டால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

பிறகு 2019இல், ஐரோப்பியர் இங்கே தொடர்ந்து இருப்பதற்கான உரிமையை, செட்டில்ட் ஸ்டேட்டஸ் என்பதை, பதியச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டைப் போனில் வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும், தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு போனில்தான் அந்த ஆப் வேலை செய்தது, எங்கள் வீட்டில் ஐபோன். கடைக்காரத் தம்பி ஒருவரின் போனைக் கடன் வாங்கி அவருடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று செய்தேன். கடைசியில் வந்தது ஒரு மின்னஞ்சல். கையில் வைத்திருக்க ஒரு அட்டை கூட இல்லை. அகதியாக அலைந்தவனுக்குக் கடதாசி கையில் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மின்னஞ்சலை அச்செடுத்துப் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறேன், அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று தெரிந்தும்.

ஜெர்மன்காரருக்கு 2020 முடியும் வரை வழி இருந்தது, அதற்குள் விண்ணப்பித்தால் இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்திருக்கலாம். 1,300 பவுண்டுக்கு மேல் கட்டி எடுத்துவிட்டேன். உங்கள் தம்பிக்கு அந்த வழியும் இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்பதை அவர் மறந்துவிடுவார் அக்கா. கேட்கவில்லை என்பதுதான் நிற்கும். அந்த மாதம் முழுக்க என்னிடமும் ஒருவரும் கேட்கவில்லை. வேலையிடத்தில் எல்லோரும் என் முன்னாலேயே வாதாடினார்கள், பொருளாதாரம், மீன்பிடி, வாரம் 350 மில்லியன் பவுண்ட் ஐரோப்பாவுக்குப் போகிறதாம் என்று. "சரி, உனக்கு என்ன ஆகும்?" என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை.


இரண்டாம்தளம் எழுதியது:

ரைன்கரை அண்ணா, நீங்க சொன்ன அந்தப் பையன் மாதிரிதான் நானும், ஊர் மட்டும் மில்டன் கீன்ஸ். கம்பெனி அனுப்பி வந்து எட்டு மாதம், இந்தியப் பாஸ்போர்ட். வாக்காளராகப் பதியச் சொல்லிக் கடிதம் தபாலில் வந்தபோது தப்பாக வந்துவிட்டது என்று நினைத்து ஆபீஸில் விசாரித்தேன், சரியாகத்தான் வந்திருக்கிறது என்றார்கள், பதிந்துகொண்டேன். ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் சாவடி. அடையாள அட்டை கேட்கவில்லை (அது 2023இல்தான் வந்தது), விரலில் மை இல்லை, மெஷின் இல்லை. நூலில் கட்டிய பென்சில். பென்சிலால் போட்டால் அழித்துவிடுவார்கள் என்று எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பேனா கொண்டு வந்திருந்தார். நான் 'நீடிக்க வேண்டும்' என்று போட்டேன். வெளியே வந்ததும் சந்தோஷத்தை விடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது. என் பக்கத்து டெஸ்க்கில் ஒரு ஸ்பெயின்காரம்மா, பதினைந்து வருடம் இங்கே, மகள் இங்கேயே பிறந்தவள். அவருக்கு இல்லாத வாக்கு எனக்கு எப்படி?

மறுநாள் காலை அவர் வேலைக்கு வந்து கம்ப்யூட்டரைக் கூட ஆன் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் பசங்க கவலை எல்லாம் பவுண்ட் இறங்கியது பற்றி. நூறு ரூபாயை ஒட்டி இருந்தது, அந்த வருடமே எண்பதுகளுக்கு வந்துவிட்டது. வீட்டுக் கடனுக்கு ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு அது பெரிய அடி, நானும் கணக்குப் போட்டேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும்.

மாதுளம்பூ அக்கா, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே சட்டம் வந்தது உண்மைதான், 2021இலிருந்து ஐரோப்பாவிலிருந்து புதிதாகக் குடியேற வருகிறவர்களுக்கும் விசா வேண்டும். ஆனால் உங்கள் மருமகளைத் தடுத்த அந்தச் சம்பளக் கணக்கை யாரும் குறைக்கவில்லை, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக ஏற்றிவிட்டார்கள். வாக்குறுதியைப் பெயருக்குத்தான் காப்பாற்றினார்கள், உங்களுக்கு அதில் ஒரு பலனும் இல்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள், அதைத் தம்பியிடம் அப்படியே சொல்லுங்கள்.


கடைவாசல் எழுதியது:

ஏமாற்றப்பட்டவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். லிங்கன்ஷயர் பொஸ்டனில் கடை வைத்திருக்கிறேன். நாட்டிலேயே அதிகம் 'வெளியேறு' விழுந்த இடம், 75.6 சதவீதம். அதில் என்னுடையதும் ஒன்று.

லண்டனில் இருப்பவர்கள் இந்த ஊரையே வெறுப்பு பிடித்த ஊர் என்று எழுதுகிறார்கள். என் கடைக்கு இருபது வருடமாக வரும் ஒரு அம்மாவுக்கு முட்டைக்கோஸ் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றபடி வேலை. சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, வாடகை மட்டும் ஏறியது. டொக்டரைப் பார்க்க இரண்டு கிழமை. வந்த சனத்தின் மேல் அவவுக்குக் கோபமில்லை, லித்துவேனியப் பிள்ளைகளுக்குக் கேக் செய்து கொடுத்தவ. "எங்களை யாரும் கேட்டதில்லை, இப்பதான் கேட்டிருக்கிறாங்கள்" என்று சொல்லித்தான் போய்ப் போட்டவ. எத்தனையோ தேர்தலில் அந்தப் பக்கமே போகாத சனம் அன்று வரிசையில் நின்றது. நாடு முழுக்க 72 சதவீதத்துக்கு மேல் வாக்களிக்கச் சனம் சும்மா வரவில்லை.

ஆனால் 24ஆம் திகதி காலை நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஏழு மணிக்கு ஒருவர் பேப்பரை எடுத்துக் காசை வைத்துவிட்டு, "நீ எப்ப வெளிக்கிடுறாய்?" என்று கேட்டார். பகிடி மாதிரித்தான் கேட்டார், ஆனால் பகிடி இல்லை. அரை மணித்தியாலம் கழித்து லித்துவேனியப் பெண் ஒருத்தி கறுப்புப் பாண் வாங்க வந்தாள். என் கடையில் அந்தப் பாண் வைப்பதே அவர்களுக்காகத்தான். கண் சிவந்திருந்தது. "எங்களைப் போகச் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, ஒன்றும் நடக்காது என்றேன். நான் எந்தப் பக்கம் போட்டேன் என்று சொல்லவில்லை. அவள் இரண்டு வருடத்தில் திரும்பிப் போய்விட்டாள், இன்றைக்கும் சொல்லாமல் விட்டது உறுத்துகிறது. இப்போது வயலுக்குக் கிர்கிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் ஆட்களைக் கூட்டி வருகிறார்கள், பருவம் முடிய அனுப்பிவிடுகிறார்கள். பாண் வாங்க வருகிற முகங்கள் ஒவ்வொரு வருடமும் வேறு.

தங்கச்சி, நீங்கள் வாய் திறந்து சொல்லிவிட்டீர்கள். நான் சொல்லவேயில்லை. உங்கள் காரணம் நியாயமான காரணம், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்காமல் விட்டதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள்.


சின்னவள் எழுதியது:

எனக்கு அப்போது 17 வயது. ஸ்கொட்லாந்தில் 2014 தனிநாட்டு வாக்கெடுப்பில் 16 வயதுக்காரரைப் போட விட்டார்கள், இதில் விடவில்லை. அப்பா 'வெளியேறு', அம்மா 'நீடி'. விடியப்புறம் ஐந்து மணிக்கு முடிவு தெரிந்தது, அப்பா சத்தம் போடாமல் போய்த் தேத்தண்ணி போட்டார், அம்மா வாங்கவில்லை. அதைத் தவிர இன்றுவரை அவர்கள் இதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஹரோ 54.6 சதவீதம் நீடிக்க, பக்கத்து ஹில்லிங்டன் 56.4 சதவீதம் வெளியேற என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் குசினியிலேயே அந்தக் கோடு ஓடியது என்று சொல்ல வாய் வரவில்லை.

மாதுளம்பூ அன்ரி, போனில் வேண்டாம், நேரே போங்கோ. மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ.


மாதுளம்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைவாசல் அண்ணா, உங்கள் பதிலை இரண்டு தரம் வாசித்தேன்.

நேற்றுப் பின்னேரம் போனேன், மருமகளோடு. தம்பி கதவைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். குசினியில் வைத்து, உன்னைக் கேட்காமல் போட்டது என் பிழை என்றேன். பிறகு விசா மறுத்த கடிதம் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கதை அவனுக்கு அரைவாசிதான் தெரியும். மகனுக்கு மானம் போய்விடும் என்று நாங்கள்தான் மறைத்திருந்தோம். அவன் மருமகளைப் பார்த்து, "ஹீத்ரோவிலை உன்னைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தானே பிள்ளை, அண்டைக்குக் கூட இதை ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றான்.

பிறகு மாடிக்குப் போய் ஒரு பைலை எடுத்து வந்தான். 2019இல் அவன் பதிந்தபோது சேர்த்த கடதாசிகள். கவுன்சில் டாக்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்கள், மச்சாளின் சம்பளச் சீட்டு, எல்லாம் வருடம் வருடமாக. இதைத் தனியே இருந்து அடுக்கினேன் என்றான். மருமகள் பைலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள், தம்பி பக்கத்தில் இருந்து எது என்ன என்று சொல்லிக்கொண்டு வந்தான். நான் தேத்தண்ணி போட்டேன், வாங்கிக் குடித்தான்.