என்ன வேண்டும் என்றே தெரியவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை:
வயது 23, ஊர் மதுரை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருடம் வீட்டில் இருக்கிறேன். அப்பா அரசு வேலைக்குக் குரூப் 4 தேர்வு எழுதச் சொல்கிறார், மாமா சென்னைக்கு வந்து ஏதாவது கோர்ஸ் படித்து ஐடியில் நுழைந்துவிடு என்கிறார், யார் சொன்னாலும் அந்த நேரத்துக்குச் சரி என்று படுகிறது, மறுநாள் எழுந்தால் எதிலும் மனசு ஒட்டவில்லை. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியை ஐந்து நாள் பார்த்து விட்டுவிட்டேன். குரூப் 4 புத்தகம் வாங்கி அட்டை போட்டதோடு சரி. போன வாரம் வீட்டு கிரைண்டர் ஓடவில்லை, அதைக் கழற்றி மாட்டியதில் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது, அதற்கும் அப்பாவிடம் திட்டு. "இப்ப என்ன பண்றே" என்று கேட்பார்களே என்று விசேஷ வீடுகளுக்கே போவதில்லை. என்ன வேண்டும் என்று தெரிந்தால் உயிரைக் கொடுத்து உழைப்பேன். அதுதான் தெரியவில்லை.

மாடிப்படி:
தம்பி, நானும் இரண்டு வருடம் இப்படி இருந்தவள். குரூப் 4 வேண்டுமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசித்தால் விடை வராது. அதற்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி, 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ், தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பதினைந்து நாள் போய்ப் பாருங்கள். வீட்டில் படிக்காதீர்கள், அப்பா எட்டிப் பார்க்கும்போது படிப்பது வேறு கணக்கு. பதினாறாம் நாள் யாரும் சொல்லாமல் கால் அங்கே போகிறதா என்று பாருங்கள். எனக்குப் போகவில்லை. அப்புறம்தான் நிம்மதியாக அதை விட்டேன், இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், இதைச் சின்ன வயதில் கனவு கண்டதெல்லாம் இல்லை, செய்யச் செய்யப் பிடித்தது.

பழைய ஸ்பேனர்:
கிரைண்டருக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வைகைக்கரை:
மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும் அண்ணே, ஆனால் மாவு கெட்டியானதும் கல் நின்றுவிடும். அம்மா மோட்டார் போச்சு என்றார்கள். அடியில் கழற்றினால் பெல்ட் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது, புல்லியில் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. அளவு பார்த்துப் புதிதாக வாங்கிப் போட்டேன், மோட்டார் பக்க போல்ட்டும் லூஸ். சாப்பிடக்கூட மறந்துவிட்டேன் அன்றைக்கு.

பழைய ஸ்பேனர்:
உங்கள் கேள்வியில் திட்டு வாங்கிய விஷயமாக ஒரு வரியில் போனது இது, இப்போது நான் கேட்டதும் எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். இதுதான் உங்கள் வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை, அப்படி நான் சொன்னால் மாமா சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் யாரும் தள்ளாமல் நீங்கள் உட்கார்ந்த ஒரே வேலை இது. பக்கத்தில் எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் வைண்டிங் கடை இருக்கும், சம்பளம் கேட்காமல் பத்து நாள் கூட இருக்கட்டுமா என்று கேளுங்கள். கூடவே நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத் தளத்தில் பதிந்து வையுங்கள், டிகிரி முடித்தவர்களுக்கு ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. படிப்பு முடித்துச் சில வருடங்களுக்குள்தான் சேர முடியும், தள்ளிப் போடாதீர்கள். நான் 1998-ல் அப்ரண்டிஸாகப் போனபோது லேத் என்ற கடைசல் மெஷின் வேலை பிடிக்கவே இல்லை, பக்கத்தில் மெயின்டெனன்ஸ் ஆட்கள் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அந்தப் பக்கம் போனேன். உள்ளே போகாமல் இருந்திருந்தால் அப்படி ஒரு வேலை இருப்பதே தெரிந்திருக்காது.

மாடிப்படி:
அண்ணன் சொல்வது சரி. நூலகத்தை விடுங்கள், முதலில் கடைக்குப் போங்கள். விசேஷ வீட்டில் கேட்டால் "மோட்டார் வேலை கத்துக்கிறேன்" என்று சொல்ல ஒரு பதிலும் ஆச்சு.

வைகைக்கரை:
இன்று சாயங்காலம் இரண்டு கடையில் கேட்டேன். முதல் கடையில் டிகிரி படித்த பையன் எதற்கு என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது கடைக்காரர் எரிந்துபோன மோட்டார் கம்பிச்சுருள் ஒன்றைக் கையில் கொடுத்து, நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து இதை உரித்து எத்தனை சுற்று என்று எண்ணு, மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். நாட்ஸ் பதிவுக்கு மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து வைத்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.