மனைவி ஹவுஸ்மேன்: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

பாயான்_பாரு_மாப்பிள்ளை:
வணக்கம். இந்த வருடம்தான் எங்களுக்குத் திருமணம் ஆனது. மனைவி பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர். இப்போது மகப்பேற்றுப் பிரிவுக்கு மாறியிருக்கிறார், டேக்கிங் (புதுப் பிரிவில் முதலில் கூடுதல் நேரம் இருந்து வேலை பழகும் காலம்) நடக்கிறது. விடிவதற்கு முன் கிளம்பினால் இரவு பத்துக்கு மேல்தான் வீடு, சாப்பிடும்போதே கண் சொருகிவிடுகிறது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர், ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து "மருமகள் எங்கே" என்கிறார். இரண்டு வருடம் பொறுத்துக்கொள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
தம்பி, அந்த இரண்டு வருடக் கணக்கை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஹவுஸ்மேன்ஷிப் நான்கு மாதத்துக்கு ஒரு பிரிவாக ஆறு போஸ்டிங், ஏதாவது ஒன்றில் எக்ஸ்டென்ட் செய்தால் இன்னும் நீளும், அது முடிந்தால் எம்.ஓ. (மெடிக்கல் ஆபீசர்), அப்போது சபா சரவாக்குக்குப் போட்டாலும் போக வேண்டியதுதான், ஸ்பெஷலிஸ்ட் ஆக ஆசைப்பட்டால் அதற்குமேல் 4 வருட மாஸ்டர்ஸ், இல்லையென்றால் வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டுத் தேர்வுகள். என் கணவர் மாஸ்டர்ஸுக்காகக் கிளந்தானில் இருக்கும் குபாங் கிரியான் போனபோது மகனுக்கு நடக்கக்கூடத் தெரியாது. "இது முடியட்டும், அப்புறம் வாழலாம்" என்று தள்ளிக்கொண்டே போனால் முப்பதுகள் முழுக்கக் காத்திருப்பிலேயே போய்விடும். கிடைக்கிற செவ்வாய்க்கிழமை மத்தியானத்தையே ஞாயிறாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்டர் (வேலை அட்டவணை) வந்த அன்றே அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு விசேஷம், பில், கார் சர்வீஸ் எல்லாம் அதைப் பார்த்துத்தான். டேக்கிங் சமயத்தில் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். வீடு வாங்குவதா, குழந்தை எப்போது, எல்லாம் அடுத்த மாதம் பேசலாம்.

இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்: இரவு முழுக்க விழித்துவிட்டு அவர் காரோட்டி வர விடாதீர்கள். இரவு வேலை முடிந்து வரும் வழியில் ஸ்டியரிங்கிலேயே தூங்கி உயிரை விட்ட இளம் டாக்டர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். நீங்கள் போக முடியாத நாளில் கிராப் டாக்சி போடுங்கள். அந்தக் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

செந்தூல்காரன்:
அக்கா சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு. ரோஸ்டரைப் பார்த்தே உங்கள் வாழ்க்கை முழுவதையும் அமைத்துக்கொண்டால் உங்களுக்கென்று ஒன்றும் மிஞ்சாது, அந்தக் கோபம் ஒரு நாள் அவர்மேல்தான் விழும். என் மனைவி கோலாலம்பூரில் எம்.ஓ. அவர் ஆன்கால் (இரவு டியூட்டி) இருக்கும் இரவுகளில் நான் பூப்பந்து விளையாடப் போவேன், அண்ணன் வீட்டில் சாப்பிடுவேன். அவருக்கும் அதில்தான் நிம்மதி, இல்லையென்றால் வார்டில் நிற்கும்போதும் என்னைப் பற்றிக் குற்ற உணர்ச்சியோடு இருப்பார்.

அம்மா விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். "வேலை முடிந்து தூங்குகிறாள்மா, நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே போய் வாருங்கள். மருமகளே போன் செய்து மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு விடாதீர்கள்.

இன்னொன்று, பணம். 2016 கடைசியிலிருந்து புதிதாகச் சேர்பவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான், 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தது ஞாபகம் இருக்கும். நிரந்தர வேலை கையில் வரும்வரை இரண்டு சம்பளத்தை நம்பிப் பெரிய வீட்டுக் கடன் எடுக்காதீர்கள்.

வார்டு_எட்டு:
நான் இந்தப் பக்கம் இருப்பவள், எம்.ஓ. மகப்பேற்றுப் பிரிவில் ஒரே இரவில் பிரசவம் பார்த்த சந்தோஷமும் இருக்கும், குழந்தை தவறிப்போன தாயின் அழுகையும் இருக்கும், அப்புறம் காலை ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் திட்டு. அதற்குப் பிறகு வீட்டு வாசலில் "இன்றைக்கு எப்படி இருந்தது" என்று கேட்டால் எங்களுக்குப் பதில் வராது. குளிக்கட்டும், பசியாறட்டும், பேச வேண்டும் என்றால் தானாகவே பேசுவார். அப்போது "நீ இப்படிச் செய்திருக்கலாமே" என்று வழி சொல்லாமல் கேளுங்கள். ஆனால் வேலைக்குக் கிளம்பும்போதே அழுகிறார், பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசுகிறார் என்றால் இதெல்லாம் டேக்கிங் அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், டாக்டருக்கும் டாக்டர் வேண்டும்.

பாயான்_பாரு_மாப்பிள்ளை:
எல்லாருக்கும் மிக்க நன்றி. நாளை காலை நானே போய்க் கூட்டி வருகிறேன். தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா இப்போதே கேட்கிறார், என்ன சொல்வது?

வார்டு_எட்டு:
ஹரிராயாவுக்கும் சீனப் பெருநாளுக்கும் மற்றவர்களுக்காக அவர் வேலை பார்த்திருந்தால் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கும், அந்தந்தப் பிரிவில் முன்னதாகவே பேசி வைக்கச் சொல்லுங்கள். ரோஸ்டர் வரும்வரை அம்மாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.