மூன்று வயதுக்குப் படப்புத்தகம்: ‘யானை வந்தது’வா, ‘யானை வந்துச்சு’வா?

தாழம்பூ

மகளுக்கு அடுத்த மாதம் 3 வயது முடிகிறது. வீட்டில் இருப்பது நான்கு அட்டைப் புத்தகங்கள். நான்கிலும் ஆப்பிள், பந்து, பூனை. அவற்றைத் தின்றே முடித்துவிட்டாள் (உண்மையாகவே. பூனைப் பக்கத்தின் ஒரு மூலையைக் காணோம்). கதை உள்ள புதுப் படப்புத்தகங்கள் தமிழில் எவை நன்றாக இருக்கின்றன?

ஒரு நிபந்தனை உண்டு. போன மாதம் ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகம் வாங்கினேன், பதிப்பகம் பெயர் வேண்டாம். படங்கள் அவ்வளவு அழகு. ஆனால் முதல் பக்கத்திலேயே கரடிக்குட்டி ‘உறங்கச் சென்றுகொண்டிருந்தது’. நான் வாசித்து முடிப்பதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். மறுநாளிலிருந்து ‘கரடிக்குட்டி தூங்கப் போச்சு’ என்று நானே மாற்றிச் சொல்கிறேன். இப்படி மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல், வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதின புத்தகம் ஏதாவது இருக்கிறதா? மதுரையில் இருக்கிறோம்.

நடுப்பக்கம்

முதலில் தூலிகா. சென்னைப் பதிப்பகம், 1996இலிருந்து குழந்தைகளுக்காகவே இயங்குகிறது. ‘கஜபதி குலபதி’யில் தொடங்குங்கள், அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்தது. ஒரு பெரிய யானைக்குச் சளி பிடிக்கிறது, ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் செய்கிறார்கள். தும்மலை நீங்கள் இழுத்துத் தும்ம வேண்டும், அதுதான் புத்தகமே. புதுசு இல்லைதான், ஆனால் உங்கள் மகளுக்குப் புதுசு.

அப்புறம் பிரதம் புக்ஸ். அவர்களுடைய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். 1 முதல் 4 வரை நிலை பிரித்திருக்கிறார்கள், உங்களுக்கு 1 போதும். முடி வெட்ட ஆள் கிடைக்காமல் கடைசியில் புலிக் குகைக்கே போய்ச் சேரும் சிருங்கேரி சீனிவாசன் கதை அங்கே உண்டு, விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நிபந்தனைக்கு வருகிறேன். முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதின படப்புத்தகம் தேடினால் விரல்விட்டு எண்ணலாம். இது பெரிய குறை என்பது என் கட்சி. மூன்று வயதுக் குழந்தை ‘வந்தது’ என்று யார் வாயிலும் கேட்டிருக்காது. அம்மா மடியில் உட்கார்ந்து கேட்கிற முதல் கதையிலேயே ஏன் செய்தி வாசிப்பாளர் குரல்?

கரிசல்காரன்

தம்பி சொல்கிற குறையைத்தான் நான் நிறை என்பேன்.

எனக்கு 52 வயது. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தவை அப்பா நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் வாங்கிவந்த மாஸ்கோ அச்சுப் புத்தகங்கள். வழுவழுத் தாள், ஒருமாதிரி மண்ணெண்ணெய் கலந்த வாசனை. 1991இல் சோவியத் யூனியன் உடைந்ததற்கு அப்புறம் அந்த வரத்தே நின்றுபோனது. அதில் பனி பெய்யும், பிர்ச் மரம் நிற்கும், கரடி சமோவாரில் டீ போடும். கரிசல் காட்டுப் பையனுக்குப் பனியும் தெரியாது, பிர்ச்சும் தெரியாது. அம்மா ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ‘கூறியது’, ‘வினவியது’ என்றே வாசிப்பாள். எனக்கு அந்த ‘வினவியது’ ரொம்பப் பிடிக்கும். கரடிகள் மட்டும் பேசும் பாஷை அது என்று நினைத்திருந்தேன்.

தெரியாத சொல் வந்தால் குழந்தை ஓடிவிடும் என்று முடிவுகட்டுவது பெரியவர்கள்தான். வீட்டில் கிடைக்கிற ‘வந்துச்சு’ புத்தகத்திலும் எதற்கு? அதைக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?

நடுப்பக்கம்

கரிசல் அண்ணா, அந்த அம்மா நன்றாக வாசித்திருக்கிறார். அதனால் உங்களுக்குப் பிடித்தது. நீங்கள் சொல்வது ஐந்தாறு வயசு ஞாபகமாக இருக்கும், மூன்று வயசு ஞாபகம் பெரும்பாலும் யாருக்கும் இருக்காது. இங்கே கேட்டவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் திரும்பிவிட்டது. கண்ணெதிரே நடந்ததை நம்புவதா, 47 வருஷம் முந்தைய மண்ணெண்ணெய் வாசனையை நம்புவதா?

வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பேச்சுத் தமிழில் புத்தகம் வேண்டும் என்கிறீர்கள், சரி. யாருடைய பேச்சு?

தாழம்பூ, உங்கள் கரடிக்குட்டி ‘தூங்கப் போச்சு’ என்று சொன்னால் என்ர மகன், அது எந்த மரக்கொப்பில் தொங்கப் போகுது என்று கேட்பான். எங்கட வீட்டில் கரடி நித்திரைதான் கொள்ளும், தூங்கிறது எண்டால் தொங்கிறது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு படப்புத்தகத்தில் பப்பாளி, நாற்காலி, பாட்டி எல்லாம் இருந்தது. எங்களுக்குப் பப்பாசி, கதிரை, அம்மம்மா. பெயர்ச்சொல் பரவாயில்லை, படத்தைக் காட்டி மாற்றிச் சொல்லிவிடலாம். வினையும் சேர்ந்து மதுரைப் பேச்சில் இருந்தால் அந்தப் புத்தகம் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை. ‘யானை வந்தது’ என்று அச்சில் இருந்தால், நான் ‘வந்தது’ என்றும் வாசிக்கலாம், ‘வந்திட்டுது’ என்றும் கதைக்கலாம். எழுத்துத் தமிழ் எங்கள் எல்லாருக்கும் பொதுக் காணி. அதை ஒருவர் பேரில் எழுதிவிடாதீர்கள்.

நடுப்பக்கம்

இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், ‘தூங்கிறது எண்டால் தொங்கிறது’ எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நாவல்களில் பாத்திரங்கள் நாஞ்சில் நாட்டிலும் கொங்கிலும் யாழ்ப்பாணத்திலும் பேசுகின்றன, எல்லாரும் எல்லாவற்றையும் வாங்கிப் படிக்கிறோம். யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு படப்புத்தகம், கொங்குப் பேச்சில் ஒன்று, நெல்லையில் ஒன்று என்று வரட்டுமே. வட்டாரம் பலவாக இருப்பது பல புத்தகங்கள் வரவேண்டிய காரணம். ஒன்றுமே வராமல் இருப்பதற்கான காரணம் ஆகுமா?

வல்லைவெளி

நாவல் 300 பக்கம். பழகுவதற்கு இடம் இருக்கு. இது பக்கத்துக்கு எட்டுச் சொல். ஆயிரம் பிரதி விற்கவே பதிப்பகங்கள் முக்கிற இடத்தில் ஊருக்கொரு பதிப்பு ஆர் போடுவினம்?

ஒண்ணாப்பு டீச்சர்

அரசுத் தொடக்கப் பள்ளியில் 19 வருஷமாக ஒன்றாம் வகுப்பு. இரண்டு தரப்பும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை.

குழந்தைக்கு நாம் வாசித்துக் காட்டும் புத்தகம் வேறு. குழந்தை தானே எழுத்துக் கூட்டி வாசிக்கும் புத்தகம் வேறு. என் வகுப்பில் ஒரு பையன் ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்ற சொல்லில் விரலை வைத்து வி... ளை... யா... என்று கிளம்பினான். ‘ர்கள்’ வந்து சேர்ந்தபோது நிமிர்ந்து பார்த்து “டீச்சர், யாரு?” என்றான். ஆரம்பம் மறந்துவிட்டது. தமிழில் ஒரே சொல்லே ஒரு வாக்கியத்தின் நீளத்துக்குப் போகும். படப்புத்தகம் எழுதுகிற பலர் இதை யோசிப்பதே இல்லை. தாழம்பூவின் கரடி சிக்கிக்கொண்டதும் ‘சென்றுகொண்டிருந்தது’வில்தான். ‘வந்தது’வில் ஒரு குழந்தையும் தடுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை.

தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோதும் சரி, 2023இல் ‘வாசிப்பு இயக்கம்’ வந்தபோதும் சரி, எங்களுக்குக் கைகொடுத்தவை குட்டி வாக்கியங்கள். வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். பெயரைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் புரிகிறது. ‘நட’வில் இருக்கிற பிள்ளை ‘ஓடு’ புத்தகத்தைக் கமுக்கமாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறது.

இன்னொன்று. ‘வந்துச்சு’ எழுத்துக் கூட்ட எளிது என்று நினைக்காதீர்கள். ந்து, ச்சு என்று இரண்டு இடத்தில் மெய் முட்டுகிறது. அதோடு முப்பது பிள்ளைகளை எழுதச் சொன்னால் வந்திச்சு, வந்துச்சி, வந்துது என்று நாலு விதம் வரும். நான் எதற்கும் தப்புப் போடுவதில்லை, அது வேறு கதை.

தெம்பனிஸ் தாத்தா

சிங்கப்பூரிலிருந்து. இங்கே 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, பேச்சுத் தமிழையும் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். காரணம் எளிது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழை மட்டும் கற்பித்தால், பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடும். கடையில் தோசை கேட்க வாய் வராது.

நடுப்பக்கம் சொல்வதை அதனால் ஆதரிக்கிறேன், வேறு காரணத்துக்காக. கரிசல்காரன் ‘வந்துச்சு’ வீட்டிலேயே கிடைக்கிறது என்கிறார். என் பேத்திக்குக் கிடைக்கவில்லை ஐயா. மகனும் மருமகளும் ஆங்கிலம். அவளுக்குத் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருவன், அப்புறம் நூலகத்துத் தமிழ் அலமாரி. அந்த அலமாரியும் ‘கூறியது’ என்றால் அவள் எங்கே போவாள்?

கரிசல்காரன்

பெரியவர் சொல்வதற்குப் பதில் இல்லை. வீட்டில் கிடைக்கிறது என்று நான் எழுதியது கோவில்பட்டியை வைத்து. திரும்பப் பெறுகிறேன், அந்த ஒரு வரியை மட்டும்.

கோட்டோவியம்

படப்புத்தகம் பற்றி இத்தனை மறுமொழி. படம் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் வரைகிறவள், கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கம், பாரம் (அச்சடிக்கிற பெரிய தாள்) எட்டும் பதினாறுமாக மடிவதால். அதற்குள் கதை முடிய வேண்டும். நல்ல எழுத்தாளர் ‘மழை பெய்தது. குடை இல்லை’ என்று நிறுத்திவிடுவார். மிச்சம் என்னுடையது. மோசமானவர் ‘சிவப்புச் சட்டை போட்ட ராமு சோகமாக நின்றான்’ என்று எழுதி அனுப்புவார். சட்டையையும் சோகத்தையும் நீங்களே சொல்லிவிட்டால் நான் எதை வரைய? நீங்கள் வரியை வாசிக்கும் நேரத்தில் குழந்தை படத்தைத்தான் வாசிக்கிறது. ஒரு புத்தகத்தில் எல்லாப் பக்கத்திலும் ஒரு அணிலை ஒளித்து வைத்தேன். வரியில் அணில் கிடையாது. எந்தப் பெரியவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஒரு புத்தகக் கண்காட்சியில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அட்டையைப் பார்த்ததும் “அணிலு எங்க?” என்றது. அட்டையில் போட மறந்திருந்தேன்.

கடையில் புரட்டும்போது ஒரு சோதனை: எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு படங்களை மட்டும் பாருங்கள். கதை பாதியாவது புரிந்தால் வாங்குங்கள். ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் பதிப்பு என்றால் இன்னும் கவனம். தமிழ் வரி எப்போதும் கூடுதல் இடம் கேட்கும், கடைசியில் எழுத்தைப் பொடியாக்கி வானத்தில் ஒட்டிவிடுவார்கள்.

முடிந்தால் ஒரு தடவை சென்னை திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகக் கட்டடத்துக்குப் போய்வாருங்கள். கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைக் கறுப்புத் தாளில் கையாலேயே திரை அச்சு செய்து, கையாலேயே தைத்திருக்கிறார்கள்.

நடுப்பக்கம்

அது புத்தகமா, பட்டுப் புடவையா? புத்தகத்தைத் தின்கிற பிள்ளைக்கு அதைப் போய்ச் சிபாரிசு செய்கிறீர்களே!

கோட்டோவியம்

அம்மா பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன். பிள்ளைக்கு நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலயம் வரிசை போதும். விலை குறைவு, கிழிந்தால் மனசு கிழியாது. படங்கள் பழைய பாணி, சிலதில் எழுத்து அதிகம். பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

வல்லைவெளி

அணில் கதை வடிவு. கேட்டது எழுத்தைப் பற்றி என்பதால் திரும்ப அங்கேயே வருகிறேன். உரையாடல் மட்டும் பேச்சில், கதைசொல்லி எழுத்தில். பெரியவர்கள் கதையில் நெடுங்காலமாக நடப்பதுதானே? ‘யானை வந்தது. “எனக்குப் பசிக்குது” என்றது.’ இதில் எனக்குச் சண்டை இல்லை.

நடுப்பக்கம்

எனக்கும் இதில் பாதிச் சம்மதம். மீதிப் பாதிக்கு ஒரு வேலை செய்யப் போகிறேன். ஸ்டோரிவீவர் 2015இல் வந்ததிலிருந்தே திறந்த உரிமத்தில் இருக்கிறது. மூலப் படைப்பாளிகள் பெயரைப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம். நிலை 1 கதை ஒன்றை எடுத்துச் சென்னைப் பேச்சில் போடுகிறேன். வல்லைவெளி, நீங்கள் அதே கதையை யாழ்ப்பாணப் பேச்சில் போடுவீர்களா? எந்தக் குழந்தை எதற்குச் சிரிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒண்ணாப்பு டீச்சர்

போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன் வாய்விட்டு ஒரு தடவை வாசித்துவிடுங்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். யாரும் ஏற்றலாம் என்பதால் அங்கே அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் ஒட்டின தமிழும் கிடக்கிறது.

வல்லைவெளி

ஓம், செய்யலாம். கரடி இருக்கிற கதையாக எடுங்கோ.

தாழம்பூ

நான் கேட்ட கேள்வி எங்கேயோ போய்விட்டது, பரவாயில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இங்கே கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி இருக்கிறது. அவளை அங்கே கூட்டிப்போய்ப் புரட்டவிட்டு, கையை விட்டு இறக்காமல் வைத்திருந்த இரண்டைக் குறித்துக்கொண்டு, அப்புறம் வெளியில் வாங்கினேன். எழுத்தை மூடிப் பார்க்கும் சோதனையில் நான் முதலில் எடுத்த மூன்று தேறவில்லை.

வீட்டில் சும்மா பார்ப்போமே என்று, அச்சில் இருப்பதை அப்படியே வாசித்தேன். ‘வந்தது’ என்றதும் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தையும் திருப்பவில்லை. மறுநாள் மாமியார் வாசித்தார், அவர் அம்பாசமுத்திரம். யானை ‘வந்துட்டு’. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பொம்மைக்கு அவளே வாசித்துக்கொண்டிருந்தாள். “ஆனை வந்தது” என்று குரலைக் கனமாக்கிச் சொன்னாள். அப்புறம் பொம்மை பக்கம் குனிந்து, ரகசியம் மாதிரி, “ஆனை வந்துச்சு, பாப்பா.”

கோட்டோவியம் மேடம், ஒரு சந்தேகம். சாப்பிட்டாலும் கெடுதல் இல்லாத மையில் அச்சடிக்கிறார்களா? யானையின் வாலைக் காணோம்.