மச்சம்கூட ஒட்டாத மாறுவேடம்: ‘தி லேடி ஈவ்’ (1941)

ராத்திரிக்காட்சி: நேற்று மாமியாருடன் உட்கார்ந்து பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் ‘தி லேடி ஈவ்’ பார்த்தேன். முதல் பாதி கப்பலில். பார்பரா ஸ்டான்விக் சீட்டாடி ஏமாற்றுகிறவள். ஹென்றி ஃபோண்டா பெரிய பீர் கம்பெனி வாரிசு, அமேசானில் பாம்பு ஆராய்ச்சி முடித்துத் திரும்புகிறவன். காதல் வருகிறது, குட்டு உடைகிறது, பிரிகிறார்கள். சரி. அப்புறம் அவளே ஈவ் என்ற இங்கிலாந்துப் பிரபு குடும்பத்துப் பெண்ணாகக் கனெக்டிகட்டில் அவன் வீட்டு விருந்துக்கு வந்து நிற்கிறாள். விக் இல்லை, மச்சம் இல்லை. பேச்சு மட்டும்தான் மாறியிருக்கிறது. “இவனுக்குக் கண்ணு பொட்டையா?” என்றார் மாமியார். இது ஓட்டைதானே?

பந்திக்காரன்: ஓட்டை இல்லை, சிரிப்பே அங்கேதான். ஃபோண்டாவுக்குக் காவலாகக் கூடவே சுற்றும் மக்ஸி ‘அவளேதான்’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஃபோண்டாவின் வாதம் என்ன? ஏமாற்ற வந்தவள் என்றால் முகத்தில் எதையாவது ஒட்டியிருப்பாள். அச்சு அசலாக இருக்கிறாள், ஆகவே வேறு ஆள்! படித்தவனால்தான் இப்படி யோசிக்க முடியும்.

நான் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவன். பட்டு வேட்டியும் சந்தனமுமாக நிமிர்ந்து வருகிறவரை யாரும் ‘நீங்கள் யார்’ என்று கேட்டதில்லை. ஒரு மண்டபத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் கட்டிக்கொண்டு, “சம்பந்தி, சௌக்கியமா?” என்று விசாரித்தார்கள். இருவரையும் இரு வீட்டாருக்கும் தெரியாது என்பது பாயசம் பரிமாறிய பிறகுதான் வெளியே வந்தது. படத்திலும் அதேதான். ஈவ் தன் உறவுப்பெண் என்று சாட்சி சொல்லும் சர் ஆல்ஃபிரட் யார்? அந்த ஊர்ப் பணக்காரர்களோடு சீட்டாடிப் பிழைக்கும் இன்னொரு போலி. அந்த வேடத்தில் வரும் எரிக் ப்ளோர் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மேட்னி: ஃபோண்டா சோபாவில் தடுக்கி விழுவதும், உடை மாற்றி வந்து மறுபடி அழுக்காவதும் எனக்குக் கொஞ்சம் ஓவர். ரயில் காட்சிதான் உச்சம். தேனிலவு இரவில் அவள் பழைய காதலர்களை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல அவன் முகம் போகும் போக்கு! கடைசியில் பெட்டியோடு இறங்கிச் சேற்றில் விழுவான்.

ராத்திரிக்காட்சி: பந்திக்காரர் எழுதியதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். சம்பந்தி கதைக்கு நன்றாகச் சிரித்தார். “எல்லாம் சரி, ஆனா கடைசி வரைக்கும் அந்தப் பையனுக்கு விஷயம் தெரியவே இல்லையே. அந்த மக்ஸியைக் கட்டிக்கிட்டா என்ன குறைச்சல்?” என்கிறார்.