நிழல்வலையில் எழுதியிருக்கும் எண்ணுக்கு என்ன பெயர்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வணக்கம். நம் சொற்பட்டியலில் நிழல்வலை (செடிகளுக்கு மேலே நிழலுக்காகக் கட்டும் shade net), நிழல்வலைக் குடில் (அந்த வலையால் மூடிய shade house) இரண்டும் நிலைத்துவிட்டன. வலையின் 35, 50, 75, 90 என்ற எண்ணுக்குத்தான் சொல் இல்லை. "75 சதவீதம்" என்றால் முக்கால் வெயில் செடிக்குக் கிடைக்கும் என்று நினைத்து வாங்கிப் போகிறார்கள். உள்ளே வருவதோ கால் பங்கு. தக்காளியும் மிளகாயும் ஒளி தேடி நெடுநெடுவென்று நீண்டு, பூ உதிர்ந்து நிற்கும். "நிழலளவு" என்று வைக்கலாமா?

வேலந்தாவளத்திலிருந்து:
நிழலளவு என்றால் எத்தனை சதுர அடி என்றுதான் கடைக்காரர் கேட்பார் ஐயா. தடுக்கப்படும் பங்கைச் சொல்வதால் "ஒளிமறைப்பு" பொருந்தும். இரண்டடுக்குக் கணக்கும் அதில் தெளிவாகும். 50 வலையை இரண்டாக மடித்துப் போட்டால் 100 ஆகாது. முதல் அடுக்கு விட்ட பாதியில் இரண்டாவது பாதியை மறைக்கும். மொத்த ஒளிமறைப்பு 75.

சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல):
"வெயில்மறைப்பு" எளிது. ஏன் கூடாது?

வேலந்தாவளத்திலிருந்து:
வெயில் என்றதும் சூடும் சேர்ந்துவிடுகிறதே அம்மா. கறுப்பு 50, வெள்ளை 50 இரண்டும் மறைக்கும் ஒளி ஒன்றுதான். ஆனால் கறுப்பு வெயிலை உறிஞ்சித் தானே கொதிக்கும். செடிக்கு ஓரடி மேலே கட்டினால் அந்தச் சூடு இலையில் இறங்கும். ஏழெட்டு அடி உயர்த்தி, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். எண் சூட்டைச் சொல்வதில்லை, பெயரும் சொல்லக் கூடாது. மலையாளத்தைப் பார்த்துத் "தணல்" என்றும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். அங்கே அது நிழல், நமக்கு நெருப்பு!

சித்தூரிலிருந்து:
சரி, ஒளிமறைப்பே இருக்கட்டும். காய்கறிக்கு 35 முதல் 50, அந்தூரியத்துக்கு 75, வீட்டு முகப்புக்கு 90 என்று பக்கத்திலேயே எழுதிவிடலாம். 90-க்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: நெருக்கமான பின்னல் என்பதால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும். வலைக்கண்ணில் நேரடியாகக் கம்பி கோத்தால் அந்த இடத்திலேயே கிழியும். ஓரத்தை மடித்துத் தைத்து, இரண்டடிக்கு ஒரு வளையம் அடித்து, கயிற்றால் கட்ட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: "ஒளிமறைப்பு 75 — நூறு பங்கு ஒளியில் 75 மறையும், 25 உள்ளே வரும்." மறுப்பிருந்தால் எழுதுங்கள்.