இண்டக்‌ஷன் அடுப்பில், எண்ணெய்ச் சட்டி வைக்காமல் மெதுவடை

கேள்வி (மால்மோ, ஸ்வீடன்):
வணக்கம். இங்கே புதிதாகக் குடிவந்திருக்கிறோம். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, சாதாரண பிளெண்டர், ஏர் ஃப்ரையர் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெதுவடை சாப்பிட ஆசை. ஆனால் அவ்வளவு எண்ணெய் வேண்டாம், புகை அலாரமும் அலறக் கூடாது. ஏர் ஃப்ரையரில் போட்டால் வருமா?

பதில் (கோபன்ஹேகன்):
பச்சை மாவை ஏர் ஃப்ரையரில் போட்டால் வராது. எண்ணெயில் விழுந்ததும் மாவின் மேற்புறம் சட்டென்று இறுகிவிடும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரியும். வடை பஞ்சாக வருவது அதனால்தான். சூடான காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. மேல்தோல் பிடிப்பதற்குள் மாவு கூடையின் ஓட்டைகளில் வழிந்துவிடும். தாள் போட்டு வைத்தாலும் காய்ந்த ரொட்டி மாதிரிதான் கிடைக்கும்.

குழிப்பணியாரக் கல்லில் செய்யுங்கள். சூடான உலோகம் மாவை நேராகத் தொடுவதால் தோல் பிடிக்கும். குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய் போதும். ஊரிலிருந்து கொண்டுவரவில்லை என்றால் கவலை வேண்டாம். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் சமயத்தில் சுடும் எப்லஸ்கீவர் பலகாரத்துக்கான சட்டியும் இதே அமைப்புதான், 7 குழி. மால்மோவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கடைகளில் தேடலாம். வாங்கும்போது அடிப்பாகம் தட்டையாக இருக்கிறதா, காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷனில் சூடேறாது. ஜப்பானியரின் டாகோயாகி சட்டியும் ஆகும், ஆனால் குழி சிறியது. நெதர்லாந்தின் பொஃபர்ச்சஸ் சட்டி வேண்டாம். குழி ஆழமில்லாததால் வடை தட்டையாகிவிடும்.

மாவுதான் பாதி வேலை. தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், 2 மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் தண்ணீரை அதிகம் குடித்து, அரைக்கும்போது மாவு நீர்த்துப்போகும். தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகத் தெளித்து அரையுங்கள். மொத்தம் 5 அல்லது 6 மேசைக்கரண்டிதான் பிடிக்கும். பிளெண்டர் சீக்கிரம் சூடாகும், மாவும் சூடானால் இளகிவிடும். ஆகவே விட்டுவிட்டு ஓட்டி, ஓரத்தை வழித்துவிடுங்கள். பிளெண்டரில் காற்று போதுமான அளவு ஏறாது. அரைத்தபின் கையால் ஒரே பக்கமாக 4, 5 நிமிடம் நன்றாக அடிக்க வேண்டும். ஒரு துளி மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அடியுங்கள். இந்தச் சோதனையை விடாதீர்கள். நிறைய எண்ணெயில் பொரிக்கும்போது சுமாரான மாவும் ஓரளவு தப்பிக்கும், குழிக்கல்லில் கல்லாகிவிடும்.

சுடப்போகும்போதுதான் முக்கால் தேக்கரண்டி உப்பு, உடைத்த மிளகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம். உப்பை முன்னாலேயே போட்டால் நீர் விடும். வெங்காயமும் அப்படித்தான். மொறுமொறுப்புக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்க்கலாம். சோடா தேவையில்லை.

அடுப்பு 9 வரை எண் உள்ளதென்றால் 5இல் வைத்து, சட்டியை 3 நிமிடம் காயவிடுங்கள். நான்ஸ்டிக் என்றால் அதிக சூட்டில் வெறுமனே காயவைக்காதீர்கள், பூச்சு கெட்டுப்போகும். எண்ணெயைப் பிரஷ்ஷால் குழியின் பக்கவாட்டிலும் தடவுங்கள். வடையின் நடுவில் ஓட்டை இல்லாததால் உள்ளே வேகத் தாமதமாகும். அதனால் முக்கால் குழிக்கு மேல் நிரப்ப வேண்டாம். இண்டக்‌ஷன் சுருள் சட்டியைவிடச் சிறியதாக இருந்தால் ஓரக் குழிகள் சூடு குறைந்திருக்கும். ஓரத்தில் முதலிலும் நடுவில் கடைசியிலும் மாவை விடுங்கள். மூடி போட்டு 3 நிமிடம், மரக்குச்சியால் திருப்பி ஓரத்தில் சில சொட்டு எண்ணெய் விட்டு மூடாமல் 3 அல்லது 4 நிமிடம். திருப்பிய பிறகும் மூடினால் ஆவியில் தோல் தொய்ந்துவிடும். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் சூடு அதிகம். திருப்பும்போது ஒட்டிப் பிய்ந்தால் சட்டி காயவில்லை, அல்லது அவசரப்பட்டுவிட்டீர்கள்.

200 கிராம் உளுந்துக்கு ஏறக்குறைய 4 ஈடு வரும். மொத்த எண்ணெய் 3 மேசைக்கரண்டிக்குள் அடங்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. பொரித்தால் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பொரிக்குமுன்னும் ஆறியபின்னும் சட்டியோடு எண்ணெயை எடைபோட்டுப் பாருங்கள்.

பதில் (நியூ ஜெர்சி):
உளுந்து பற்றி ஒரு வார்த்தை. வட இந்தியர் கடைகளில் முழு வெள்ளை உளுந்தின் பாக்கெட்டில் 'உரத் கோட்டா' என்று இருக்கும். கறுப்புத் தோலோடு உள்ளதும், உடைத்ததும் அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள். உடைத்த உளுந்தில் மாவு அவ்வளவு பொங்காது. மஞ்சளாக மங்கிய பழைய சரக்கு என்ன அரைத்தாலும் எழும்பாது. பாரிஸ் லா ஷப்பல் போல ஈழத்தமிழர் கடைகள் உள்ள இடங்களில் தமிழிலேயே கேட்டு வாங்கிவிடலாம்.

மிக்ஸி கொண்டுவருகிறவர்களுக்கு: ஐரோப்பாவில் 230 வோல்ட்தான், பிளக் மாற்றினால் ஓடும். அமெரிக்கா, கனடா 120 வோல்ட். ஊர் மிக்ஸியை இங்கே செருகினால் ஓட்டத்தில் வலுவே இருக்காது. இங்குள்ள வோல்ட்டுக்கென்றே செய்த இந்திய மிக்ஸிகள் கிடைக்கின்றன, அதை வாங்குவதே மேல்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னும் ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று ஓட்ஸ் சேர்க்கலாமா?

பதில் (கோபன்ஹேகன்):
வேண்டாம். ஓட்ஸ் தண்ணீரை இழுத்து மாவைப் பிசுபிசுப்பாக்கும், ஏற்றிய காற்றெல்லாம் போய்விடும். 100 கிராம் உளுந்தில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. வடையில் குறைக்க வேண்டியது எண்ணெய் மட்டுமே, உளுந்து அல்ல. சத்து கூட வேண்டுமானால் பொடியாக நறுக்கிய கீரையைத் துடைத்து ஈரமில்லாமல் ஒரு கைப்பிடி சேருங்கள்.

பதில் (லண்டன்):
ஏர் ஃப்ரையரைத் தள்ளிவைக்க வேண்டாம், சுட்ட வடையைச் சூடாக்க அதைவிட நல்ல கருவி இல்லை. மிஞ்சியதை ஆறவிட்டுத் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போடுங்கள். வேண்டும்போது உறைந்தபடியே 180 டிகிரியில் 6, 7 நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்.

தயிர் வடைக்கும் இந்த வடை நன்றாக அமையும். பொரித்த வடையை வெந்நீரில் சில நிமிடம் போட்டால் போதும், இது 15 நிமிடமாவது ஊற வேண்டும். எடுத்ததும் இறுக்கிப் பிழியாதீர்கள், உடைந்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தினால் போதும்.

வடையில் மிச்சப்படுத்தியதைச் சட்னியில் விட்டுவிடாதீர்கள். பாதித் தேங்காய் சட்னியில் கரைந்தால் கணக்கு பழையபடிதான். அடுப்பிலிருந்து இறங்கிய பத்து நிமிடத்துக்குள் சாப்பிடுவதானால் தக்காளிச் சட்னி, நேரமாகுமென்றால் சாம்பாரில் போட்டுவிடுங்கள். இந்த வடையின் மொறுமொறுப்பு பொரித்த வடை அளவுக்கு நிற்காது.